டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பி சேர்ந்து விளையாட ஒரு குழு வேண்டும் (தக்கலை பக்கம்)

வணக்கம். என் தம்பிக்கு 23 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை). சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்தது. அதன் பிறகு டிவியும் செல்போனும்தான். கல்யாண வீடு, கோயில் கொடை தவிர வெளியே போக்கு இல்லை. எடை கூடுகிறது. பேச்சு குறைந்துகொண்டே வருகிறது, அதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

பிறவியிலேயே இருந்த இதய ஓட்டையைச் சின்ன வயதில் ஆபரேஷன் செய்துவிட்டோம். தைராய்டு மாத்திரை உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல்பக்க மூட்டு தளர்ந்திருக்கும் என்பதால் எக்ஸ்ரேயும் எடுத்தோம். விளையாடலாம், தலைகீழாகக் குதிப்பதும் குட்டிக்கரணமும் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். துணைக்கு ஆள் இருந்தால் பஸ்ஸில் வருவான். ஃபுட்பால் என்றால் உயிர்.

பக்கத்து ஃபுட்பால் கிளப்பில் கேட்டேன். "விழுந்தா யாரு பதில் சொல்லது?" என்றார்கள். நீச்சல் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு சேர்க்கலாம் என்றார்கள். மீசை முளைத்தவனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு நிறுத்துவது நியாயமே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொழுதுபோக்கும் விளையாட்டும் தெளிவாகவே இருக்கின்றன. அதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குத்துறை கடற்கரைக்கு நான் கூட்டிப்போகிறேன். அங்கேயும் அவனுக்கு அக்கா மட்டும்தான். அவனுக்கு வேண்டியது நண்பர்கள்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை, அவன் வயதுக்காரர்களோடு வாரம் ஒரு நாளாவது சேர்த்துக்கொள்ளும் ஃபுட்பால், நடனம் அல்லது பாட்டுக் குழு எங்கே இருக்கிறது?