பங்காளிகள் ஊர் ஊராக இருக்கும் செட்டிநாட்டு வீடு: ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர்: கீழவளவு

எங்கள் பூர்வீக வீடு காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போய்ச் சம்பாதித்த காசில் கட்டியது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இன்றைக்குப் பங்கு உள்ளவர்கள் முப்பது பேருக்கு மேல். சென்னை, கோவை, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று சிதறிக் கிடக்கிறோம். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி. மற்ற நாட்களில் திண்ணையில் ஒரு காவலாள் படுத்துக்கொள்கிறார்.

போன மழையில் இரண்டாங்கட்டின் மேற்குப் பக்கம் ஓடு சரிந்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளி நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், ஓடுகளை எல்லாம் இறக்கிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள் என்று சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டார். ஒரு பங்காளி, தேக்குத் தூண்களுக்கு நல்ல விலை வருகிறது, கொடுத்துவிட்டால் என்ன என்கிறார்.

ஊரில் இளைஞர் மன்றம் ஒன்று துடிப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம் என்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். இவர்களை வைத்துப் பழுது பார்க்க முடியுமா? அரசோ மரபு அமைப்புகளோ பணம் தருமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: ராமு காரைக்குடி

பணக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் துறை காப்பது, அரசு அறிவிக்கை செய்த சின்னங்களைத்தான். பங்காளிகள் பெயரில் பட்டா உள்ள வீடு அதில் வருவது அபூர்வம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் (உலக மரபுச் சின்னமாகப் பின்னர் முன்மொழியக் கூடிய இடங்களின் பட்டியல்) இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதால் உங்கள் வீட்டு ஓட்டுக்கு ஒரு ரூபாய் வராது. மரபுக் கட்டடங்களைக் காக்க உழைக்கும் இன்டாக் (INTACH) அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். பணம் இல்லாவிட்டாலும், கட்டடத்தை ஆவணப்படுத்தவும் யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லவும் ஆள் கிடைக்கும்.

பணம் சேர்ந்து நல்லபடியாக நடந்த இடம் என்றால் புதுச்சேரியின் வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டப் பணத்தோடு வீட்டுக்காரர்களும் கைக்காசு போட்டு, இன்டாக் மேற்பார்வையில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அங்கே உதவி வந்தது ஒரு தனி வீட்டுக்கு அல்ல, ஒரு தெருவுக்கு. உங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் காது கொடுப்பார்கள்.

பதில்: மேலவீதி ஆச்சி

தம்பி, முதலில் அந்த அரசங்கன்றுக்கு ஒரு வழி பண்ணுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். விரல் தண்டி இருக்கும்போது வேரோடு கையில் வந்துவிடும். மணிக்கட்டுத் தண்டி ஆகிவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரைக் கொஞ்சம் பிரித்து, வேரை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். மேலாக வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இறங்கி வருகிற ஆளை நம்பாதீர்கள். அடுத்த ஐப்பசியில் இரண்டு மடங்காகத் துளிர்த்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டையும் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் இரண்டு வீட்டையும் ஊர்ப் பிள்ளைகளை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன். பிள்ளைகளை ஓட்டின் மேல் ஏற்றவே கூடாது. நாட்டு ஓடு பல அடுக்காகப் போட்டது. எங்கே கால் வைக்கலாம் என்று ஓடு மாற்றுகிறவருக்குத்தான் தெரியும். விவரம் தெரியாதவன் ஒருவன் ஏறி இறங்கினால் குரங்குக் கூட்டம் ஒரு மாதம் செய்கிற சேதத்தை ஒரே காலையில் செய்துவிடுவான். விழுந்து கை கால் ஒடிந்தால் யார் பதில் சொல்வது? சுவர்ப் பூச்சு, மர வேலை, மின் ஒயர் இவையும் அப்படித்தான். கூலி கொடுத்துக் கொத்தனாரையும் ஆசாரியையும் வையுங்கள். கைத்தொழில்காரர் வயிற்றில் அடித்து இலவச வேலை வாங்குவது மரபுப் பாதுகாப்பும் ஆகாது.

பிறகு பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஆவணி, புரட்டாசிக்குள் வளவின் நான்கு மூலையிலும் கூரைச் சரிவுகள் கூடுகிற கூடல்வாய்க்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓடு மாற்றுகிறவர் மேலே சருகு அள்ளும்போது இவர்கள் கீழே வாங்கிக் கொட்டலாம். பாதி வீடுகள் இடிந்ததற்குக் காரணம் இந்தக் கூடல்வாய்ச் சருகுதான். தண்ணீர் போக வழியில்லாமல் பக்கவாட்டில் இறங்கி, சுவருக்குள் செருகிய உத்திரத்தின் நுனியை நனைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கறையானுக்கு மட்டும் தெரியும். உங்கள் சுவர் வயிறு தள்ளி நிற்பதும் அதனால்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு கதவு, நிலை, தூண், ரவிவர்மா படம், மங்கு என்கிற பீங்கான் சாமான், பெட்டகம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, எந்த அறையில் எந்தச் சுவரோரம் என்று ஒரு நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இந்த வேலையில் பிள்ளைகள் புலிகள். முடித்ததும் பங்காளிகள் வாட்ஸாப்பில் மொத்தமாகப் போட்டுவிடுங்கள். பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். எத்தனை வீட்டுத் தூணும் நிலையும் ஜாடியும் அங்கே நிற்கின்றன! எல்லாமே எல்லாப் பங்காளிக்கும் தெரிந்து போனவையா என்ன? நோட்டில் ஏறிய தூணைக் கேட்க ஆளுக்குக் கொஞ்சம் கூசும்.

தரை துடைப்பதையும் கொடுக்கலாம், பக்கத்தில் நின்றுகொண்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல். ஆசிட் பட்டால் பூ வெளுத்துவிடும், பிறகு எந்த வித்தையாலும் திரும்பாது. நல்ல மனசோடு ஒரு பிள்ளை ஆசிட் பாட்டில் வாங்கி வந்தான். வாசலிலேயே நிறுத்திக் கழிப்பறைப் பக்கம் அனுப்பினேன். வெறும் தண்ணீர், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, அவ்வளவுதான். நடக்க நடக்கப் பளபளக்கும் தரை அது. பூட்டி வைத்தால்தான் மங்கும்.

இப்போது முக்கியமான ஒன்று. கொஞ்சம் கசப்பாக இருக்கும். இந்த வீடுகளின் முகப்பைத் தாண்டி உள்ளே வந்தே இராத குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்றைக்குத் துடைப்பத்தோடு வருகிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் திண்ணைக்குக் கீழே நின்று பேசிவிட்டுப் போனவர்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் காகிதக் கோப்பையில் டீ கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரம் ஒருவனும் வரமாட்டான், வரவும் கூடாது. வளவில் இலை போடுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். நான் வெள்ளைப் பணியாரம் சுடுகிறேன். வேலைக்கு வருகிறவர்களைவிடப் பணியாரத்துக்கு வருகிறவர்கள் அதிகம், இருக்கட்டும்.

ஊர் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் வீடு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் விளக்கு அணைவதே இல்லை. தினமும் நான்கு பேர் புழங்குகிற வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் காவலாள் சொன்னாரா ஓடு சரிந்ததை? படைப்புக்குப் போனபோது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட ஏழு நாள் முகாமை உங்கள் வீட்டுக்குள் மட்டும் வைக்கக் கேட்காதீர்கள். தனியார் வீட்டைக் கூட்டவா முகாம் என்று கல்லூரியில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஊருணி வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும், அதை முகாமில் எடுக்கட்டும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் உங்கள் வீட்டைத் திறந்துவிடுங்கள். ஏப்ரல் 18 உலக மரபு நாள், அன்றைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டலாம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் என்று ஒன்று வருகிறது. அது டில்லிக்குச் சரி. நம் ஊரில் அப்போது வாளியோடு ஓடிக்கொண்டிருப்போம்.

பதில்: சுண்ணாம்புக் கொத்து

ஆச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. கான்கிரீட் விஷயம் மட்டும். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுத்து மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். கான்கிரீட் தளத்தின் எடை வேறு. கூரையை மாற்றுவதற்குப் பதிலாக, சரிந்த இடத்தில் ஓடுகளைப் பிரித்து, இற்றுப்போன சட்டங்களை மட்டும் மாற்றி, திரும்ப அடுக்கச் சொல்லிக் கணக்குக் கேளுங்கள். இடிக்கிற வீடுகளில் பழைய ஓடு கிடைக்கும், வாங்கி அடுக்கி வையுங்கள்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு நாள்பட ஊற வேண்டும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்த்து அரைத்து அடுக்கடுக்காகப் பூசுவார்கள். முட்டை வெள்ளைக்கரு வருவது கடைசி மெருகுப் பூச்சில். வளவுச் சுவர் கண்ணாடிபோல் இருந்தால் தண்ணீர் தொட்ட துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதன் மேல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். வேலையைத் தை பிறந்ததும் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுங்கள். வயிறு தள்ளிய சுவரை அதற்கு முன்பே, இந்த வாரமே, மரபுக் கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளரிடம் காட்டி முட்டுக் கொடுங்கள். அந்தச் சுவரோரம் அதுவரை யாரையும் நிற்கவிட வேண்டாம்.

பதில்: பினாங்குத் தமிழன்

இங்கே பினாங்கில் லெய்த் தெருவில், சியோங் ஃபாட் ட்சி என்ற சீன வணிகரின் நீல மாளிகை இருக்கிறது. சீர்செய்வதற்கு முன் உள்ளே பல குடும்பங்கள் வாடகைக்கு அடைந்து கிடந்தன. மரபில் அக்கறை உள்ள சிலர் சேர்ந்து வாரிசுகளிடமிருந்து வாங்கி, சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பழைய முறையிலேயே பூசினார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. இன்றைக்கு அது விடுதி. காசு கொடுத்து வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கவும் செய்யலாம். தொண்டர்களால் மட்டும் நின்ற வீடு இல்லை அது, வருமானம் நிறுத்தியது. உங்களுக்கும் முகப்பையும் இரண்டு அறைகளையுமாவது விருந்தினருக்கு விடலாமே? கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் செய்கிறார்கள்தானே.

கேள்வி கேட்டவர்: கீழவளவு

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, காவலாள் விஷயத்தில் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். விடுதி யோசனையைக் குடும்பக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மூன்று கட்சி ஆகிவிட்டது. தூண் விற்கச் சொன்னவர், என் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுவேன் என்கிறார். இதற்கு என்ன செய்வது?

பதில்: மேலவீதி ஆச்சி

விடுதியை இப்போதைக்கு விடுங்கள். ஒழுகுகிற வீட்டுக்கு விருந்தாளி எதற்கு? முதலில் பழுது பார்ப்பதற்கு மட்டும் ஒரு ஒப்புதல் எழுதுங்கள்: இன்ன வேலை, இவ்வளவு செலவு, இன்னார் பொறுப்பு, எந்தச் சாமானும் வீட்டை விட்டு வெளியே போகாது. இதில் யாருக்கும் பங்கு கூடவோ குறையவோ போவதில்லை, அதனால் கையெழுத்து விழும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எப்படிப் போட வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்மக்களை விட்டுவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும் சட்டம் மாறிவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டின் மேல் பாசம் அதிகம் இருப்பது அவர்களுக்குத்தான்.

வெளியாளுக்கு விற்பேன் என்கிறவரிடம் கோபப்படாமல் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் நான்காம் பிரிவை வக்கீலை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரியாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் விலை வைத்து, அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள விடும். விவரம் தெரிந்த வியாபாரி இந்த வம்புக்கு வரத் தயங்குவான்.

செலவுக்குப் புள்ளி வரி போடுங்கள். கோயிலுக்குக் கொடுக்கிறோம் அல்லவா, கல்யாணம் ஆன ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு புள்ளி என்று, அதே கணக்கு. தொகை சின்னதாக இருக்கட்டும், வருஷா வருஷம் வரட்டும். நன்கொடைக்கு வரிவிலக்கு கிடைக்குமா என்று யாராவது கேட்பார்கள். குடும்பச் சொத்தாக இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம். கணக்கு எழுத உங்கள் மன்றத்துப் பிள்ளைகளில் வணிகவியல் படித்த ஒருவனைச் சம்பளத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பங்காளி எழுதினால் சண்டை வரும்.

கன்றைப் பிடுங்கியாயிற்றா?