வாளித் தண்ணியும் மரத்தவளையும்: சிட்னிக்காரங்க கவனிக்க

கண்ணாடிக்கூடு:
பச்சை மரத்தவளை புதுசா வாங்குறவங்களுக்குன்னு நேத்து இங்க ஒரு பதிவு. "குழாய்த் தண்ணியை ஒரு ராத்திரி வாளியில வச்சாப் போதும், குளோரின் பறந்துடும்"னு அதுல இருக்கு. நம்பிடாதீங்க. சிட்னியில பல ஏரியாவுக்கு வர்றது குளோரமைன் (கிருமியைக் கொல்ல, குளோரினையும் அம்மோனியாவையும் சேர்த்துச் செய்யுறது) கலந்த தண்ணி. அது ஒரு ராத்திரியில போகாது. தவளை வாயால குடிக்கிற ஜந்து இல்ல, அடிவயித்துத் தோல் வழியா உறிஞ்சும். குளோரமைனுக்கும் சேர்த்து வேலை செய்யுற வாட்டர் கண்டிஷனரா (தண்ணியைச் சுத்தப்படுத்துற மருந்து) பார்த்து, பாட்டில்ல போட்டிருக்கிற அளவுல ஊத்துங்க.

தோட்டத்துரை:
அந்தப் பதிவு என்னோடதுதான். பேரைச் சொல்லியே திட்டலாமே? 45×45×60 செ.மீ. உயரவாக்குத் தொட்டி, மேல கம்பிவலை, பகல்ல 26–28 டிகிரி, தவளை உடம்பு கனத்துக்குக் கிளைங்க, தரையில கூழாங்கல் வேண்டாம் (பூச்சியோட சேர்த்து முழுங்கிடும், குடல் அடைச்சுக்கும்). இவ்வளவு எழுதியிருக்கேன். உங்க கண்ணுக்கு வாளி மட்டும்தான் தெரிஞ்சுது.

கண்ணாடிக்கூடு:
தொட்டி ரெண்டு இஞ்ச் குறைஞ்சா தவளை சாகாது. தண்ணி தப்பானா தோல் போச்சு. அதான் வாளி.

ஈரப்பாசி:
ரெண்டு பேரும் ஸ்பிரேயைப் பத்திப் பேசவே இல்லையே. நாலு வேளை அடிச்சு ஈரப்பதம் 85ல நிக்கணும். மழைக்காட்டு உயிரினம் சார்.

கண்ணாடிக்கூடு:
யாரு சொன்னது மழைக்காடுன்னு? இந்தத் தவளை காய்ஞ்ச காட்டுலயும் இருக்கும், வீட்டுக் கக்கூஸ்லயும் உக்காந்திருக்கும். மெழுகு பூசின மாதிரி தோல். ஈரப்பதம் 50–60 தாராளம். சாயங்காலம் ஒரு தடவை அடிங்க, மறுநாள் கண்ணாடி காயணும். எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா பாக்டீரியா வந்து தோல் புண்ணாகும். அந்த ஸ்பிரே பாட்டில்லயும் வாளித் தண்ணிதானே ஊத்துறீங்க?

தோட்டத்துரை:
மறுபடியும் வாளி! எங்க ஏரியாவுக்கு வர்றது வெறும் குளோரின். ஏர் ஸ்டோன் (தண்ணிக்குள்ள காத்துக் குமிழி விடுற கல்லு) போட்டா இன்னும் சீக்கிரமே போயிடும். இது கூடத் தெரியாம பாடம் நடத்த வந்துட்டாரு.

கண்ணாடிக்கூடு:
உங்க ஏரியாவுக்கு மட்டும்னு பதிவுல எழுதினீங்களா? இல்ல. எல்லாருக்கும்னு எழுதினீங்க. லைசென்ஸ் விஷயத்துலயும் இதே கதைதான். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல, ஆஸ்திரேலியாவோட சொந்தத் தவளைங்களை வளர்க்க லைசென்ஸ் வேணும், காட்டுல பிடிச்சது கூடாது. அதை எடுத்துச் சொன்னதுக்கு என்னை பிளாக் பண்ணினவர்தான் நீங்க.

புதுவரவு:
கொதிக்க வச்சு ஆற வச்சா சரியாப் போகுமா?

ஈரப்பாசி:
85ங்கிறது நான் சும்மா சொல்லல. ஈரப்பதம் அளக்குற ஹைக்ரோமீட்டர் இருக்கு.

கண்ணாடிக்கூடு:
@புதுவரவு குளோரின்னா போயிடும், குளோரமைனுக்கு அதை நம்பாதீங்க. தயோசல்பேட்ங்கிற உப்பு சேர்ந்த கண்டிஷனர் குளோரமைனை உடைக்கும், ஆனா கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். அதனால கிண்ணத்துத் தண்ணியைத் தினம் மாத்துங்க. சுடுதண்ணிக் குழாய்ல பிடிக்காதீங்க, செம்பு கரைஞ்சு வரும்.
@ஈரப்பாசி ஹைக்ரோமீட்டர் 85ன்னு காட்டும், வேணாம்னு சொல்லாது.

தோட்டத்துரை:
தண்ணி மேதை அவர்களே, உங்க புரொபைல் படத்துத் தவளைக்குக் கண்ணு மேல மடிப்பு தொங்குதே? வளர்ந்த தவளைக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, நாலைஞ்சு கிரிக்கெட் பூச்சி போதும். தினம் போட்டா இப்படித்தான் கொழுப்பு சேரும். தினம் தீனி குட்டிங்களுக்குத்தான், அதுவும் கால்சியம் பவுடர்ல புரட்டி.

கண்ணாடிக்கூடு:
அது கேமரா கோணம். பேச்சை மாத்தாதீங்க.

ஈரப்பாசி:
கோணமாம்!

தோட்டத்துரை:
மேலிருந்து எடுத்த படம் ஒண்ணு போடுங்க, பார்ப்போம்.

கண்ணாடிக்கூடு:
முதல்ல உங்க பதிவுல "ஒரு ராத்திரி"ங்கிறதைத் திருத்துங்க. அப்புறம் படம்.

தோட்டத்துரை:
திருத்த மாட்டேன்.