டர்பன் மாநாட்டுப் புறக்கணிப்பு: சொற்போருக்கு விளக்கம் தேவை

செம்பனைநிழல் (சுங்கை சிப்புட்):
வணக்கம். நம் ஊர் ஆறாம் படிவ மாணவர்களுக்குச் சொற்போர். தலைப்பு: ‘யூத வெறுப்பைக் காரணம் காட்டி 2009 ஜெனீவா மாநாட்டைக் கனடா புறக்கணித்தது சரியே.’ எங்கள் பிள்ளைகள் வெட்டிப் பேசும் அணி. ‘இஸ்ரேல் இனவெறி நாடு என்று 2001-இல் ஐநா மாநாடு தீர்மானம் போட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு வந்தது. மேடையில் சொல்லலாமா?

பால்மரம்72:
சொல்லவே கூடாது தம்பி. எதிரணி ஒரே கேள்வியில் சாய்த்துவிடும். 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐநா இனவெறி எதிர்ப்பு மாநாட்டையொட்டி இரண்டு ஆவணங்கள் வந்தன; 2009 ஜெனீவா மாநாடு அதன் தொடர்ச்சி. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் தொண்டு நிறுவனங்கள் கூடி எழுதியது. இஸ்ரேலை இனவெறி நாடு என்றது அதுதான். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாக ஜார் காலத்து ருஷ்யாவில் புனைந்த போலி நூலும் அந்த மைதானத்தில் கைமாறியது. மாநாட்டுப் பொதுச் செயலாளர் மேரி ராபின்சன் அந்த ஆவணத்தை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார்.

இன்னொன்று, அரசுகள் ஏற்றது. அதன் 58ஆம் பத்தி நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை மறக்கக்கூடாது என்கிறது. 61ஆம் பத்தி யூத வெறுப்பும் இஸ்லாமிய வெறுப்பும் பெருகுவதை ஆழ்ந்த கவலையோடு குறிப்பிடுகிறது. 63ஆம் பத்தி பாலஸ்தீனர் துயரத்தைச் சொல்லி, இஸ்ரேல் உட்பட அந்த வட்டார நாடுகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உரிமை உண்டு என்கிறது. மூன்றையும் மூலத்திலேயே படிக்கச் சொல்லுங்கள். அச்சிட்டால் அரைப் பக்கம்கூட வராது.

ஆனால் மைதானத்தில் நடந்ததை மூடி மறைக்காதீர்கள். அங்கே யூதர்கள் பட்ட அவமானம் உண்மை. அதை முதலில் ஒப்புக்கொண்டு பேசினால்தான் நடுவர் உங்கள் அணியை நம்புவார்.

வாசகி_தைப்பிங்:
அண்ணன் சொன்னதோடு கனடாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் 3-இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. கனடா வெளியேறவில்லை. கடைசி நாள் வரை இருந்து, மத்திய கிழக்குப் பத்திகளில் தனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்தது. அதே கனடா 2008 ஜனவரியிலேயே அடுத்த மாநாட்டுக்கு வரமாட்டோம் என்று அறிவித்தது. அப்போது மாநாட்டுக்கு இன்னும் 15 மாதம் இருந்தது! இறுதி வரைவு வருவதற்கு முன்பே எடுத்த முடிவு அது. வெட்டும் அணிக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

2009 ஏப்ரல் 20-இல் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் மேடையேறி இஸ்ரேலை இனவெறி அரசு என்றதும் ஐரோப்பியப் பிரதிநிதிகள் எழுந்து நடந்தார்கள். செக் குடியரசு திரும்பவே இல்லை. பிரிட்டனும் பிரான்சும் வெளிநடப்போடு நிறுத்திக்கொண்டு மாநாட்டில் தொடர்ந்தன. நார்வே வெளியுறவு அமைச்சர் அசையாமல் இருந்து, அடுத்து மேடையேறி அகமதிநெஜாத்துக்கு நேரடியாகப் பதில் சொன்னார். மறுநாளே ஆவணம் ஏற்கப்பட்டது. அதன் வாசகத்தில் இஸ்ரேல் பெயரே இல்லை.

ஒட்டும் அணி ஒன்றைச் சொல்லும், தயாராக இருங்கள்: 2009 ஆவணத்தின் தொடக்கமே 2001 ஆவணத்தை மறுபடி உறுதிசெய்கிறது. அமெரிக்கா வராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அது வலுவான வாதம், லேசாகத் தட்டிவிட முடியாது.

பால்மரம்72:
வரைவு எப்படி மாறுகிறது என்பதையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். முன்தயாரிப்புக் குழுவில் ஒரு நாடு மறுத்தாலும் அந்தச் சொற்களைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். எல்லாரும் இணங்கினால் அடைப்பு போகும். இணங்காவிட்டால் சொற்களே போகும். நாற்காலி காலியாக இருந்தால் அடைப்புப் போட ஆளில்லை.

உள்ளே இருப்பவர்தான் சொற்களை மாற்ற முடியும் என்பதற்கு நமக்கு வலிக்கிற உதாரணம் சாதிதான். 2001-இல் தலித் அமைப்புகள் டர்பன் வரை போய்க் குரல் கொடுத்தன. பிறப்பையும் தொழிலையும் வைத்து ஒதுக்குவதைக் கண்டிக்கும் பத்தி வரைவில் இருந்தது. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு உள்ளே உட்கார்ந்து எதிர்த்தது. இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. மறு ஆண்டு, 2002-இல், ஐநாவின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியைச் சேர்த்தது.

செம்பனைநிழல்:
நன்றி அண்ணே, அக்கா. ‘மலேசியா என்ன செய்தது’ என்று கேட்டால்?

வாசகி_தைப்பிங்:
மறைக்காமல் சொல்லட்டும். சியோனிசம், அதாவது யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கை, இனவெறி என்ற 1975 ஐநா தீர்மானத்தை 1991-இல் 111 நாடுகள் சேர்ந்து ரத்து செய்தபோது, எதிர்த்த 25 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இனப்பாகுபாடு ஒழிப்பு ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை என்று 2018 நவம்பரில் நம் அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டுகளையும் அட்டையில் எழுதிக் கொடுங்கள், மேடையில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.