ரத்னகிரியில் உள்ள திபோ மன்னர் அரண்மனை: ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வரலாமா?

யாங்கோன் தாமரை

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், காரைக்குடி பக்கம். சொந்தக்காரர்களைப் பார்ப்பது, பிள்ளையார்பட்டி, ராமேஸ்வரம் எல்லாம் வழக்கம் போல உண்டு. இந்தத் தடவை அப்பா புதிதாக ஒன்று கேட்கிறார். பர்மாவின் கடைசி மன்னர் திபோவை வெள்ளைக்காரன் நாடு கடத்திக் கொண்டுபோய் வைத்திருந்த ரத்னகிரி அரண்மனையைப் பார்க்க வேண்டுமாம். அப்பா திபோவின் தலைநகரான மாண்டலேயில் பிறந்தவர், அந்த அரண்மனை அகழியைச் சுற்றியே வளர்ந்தவர். மன்னரையும் ராணியையும் மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போன கதையை அவர் சொன்னால் நேற்று நடந்தது போல இருக்கும்.

நெட்டில் தேடினால் நாலைந்து படமும் "பர்மிய மன்னர் சிறை இருந்த இடம்" என்று ஒரு வரியும்தான் கிடைக்கிறது. அது மாண்டலே அரண்மனை மாதிரி பர்மிய பாணியில் கட்டியதா, இல்லை வெறும் வெள்ளைக்கார பங்களாவா? 1886லேயே ரத்னகிரிக்குக் கொண்டுபோனவரை 1910 வரை ஒரு நல்ல வீடு இல்லாமல் ஏன் வைத்திருந்தார்கள்? அப்புறம் முக்கியமான விஷயம், அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. மகாராஷ்டிரா வரை ரயிலில் கூட்டிப்போகிற அளவுக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மாண்டலே கதிரேசன்

தங்கச்சி, நான் ரத்னகிரி போனதில்லை, ஆனால் மாண்டலே பக்கத்துக் கதையைச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் அங்கே போய் எதைப் பார்க்கிறோம் என்று புரியும்.

திபோவின் அப்பா மிண்டோன் மன்னர் 1857இல் மாண்டலேயைத் தொடங்கியபோது அரண்மனையைப் புதிதாக முழுவதும் கட்டவில்லை. பழைய தலைநகரான அமரபுராவில் இருந்த தேக்கு மாளிகைகளைக் கழற்றி, யானை வைத்து இழுத்துவந்து இங்கே பூட்டினார்கள். பர்மிய அரண்மனைக்கு அதுதான் முறை. எல்லாம் தேக்கு, எல்லாம் கழற்றி மாட்டக்கூடியது, தலைநகர் மாறினால் அரண்மனையும் கூடவே போகும். சுற்றுச்சுவர் மட்டும்தான் செங்கல், பக்கத்துக்குப் பக்கம் சுமார் 2 கிலோமீட்டர், 12 வாசல், வெளியே அகழி. உள்ளே மாளிகைகள் எல்லாம் ஒரே தளம்தான். மாடி கிடையாது, ஏனென்றால் மன்னர் தலைக்கு மேல் இன்னொருவன் கால் வைத்து நடக்கக் கூடாது. உயரம் காட்ட வேண்டும் என்றால் கூரையை அடுக்கினார்கள். சிங்காசனத்துக்கு நேர் மேலே ஏழு அடுக்குக் கோபுரம். எத்தனை அடுக்கு என்பதை வைத்தே அந்த இடத்தின் மதிப்பு தெரிந்துவிடும், கண்டவர்கள் வீட்டில் எல்லாம் அடுக்குக் கூரை போட முடியாது.

இப்போது நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிற அரண்மனை அசல் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். 1945 மார்ச்சில் ஜப்பான்காரனுக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த சண்டையில் எல்லாம் எரிந்துபோனது, காவல் கோபுரமும் நாணயச்சாலையும்தான் தப்பின. இப்போது இருப்பது 1990களில் கான்கிரீட்டும் தகரமும் சேர்த்து எழுப்பியது. அசல் தேக்கு வேலையைப் பார்க்க வேண்டுமானால் ஷ்வே நன்தோ மடத்துக்குப் போக வேண்டும். அது முதலில் அரண்மனைக்குள்ளே மிண்டோன் இருந்த மாளிகை. 1878இல் அவர் அதிலேயே கண்ணை மூடினார், திபோ பட்டத்துக்கு வந்ததும் அதைக் கழற்றி மதிலுக்கு வெளியே கொண்டுபோய் பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, மடமாகக் கொடுத்துவிட்டார். வெளியே போனதால்தான் தீயிலிருந்து பிழைத்தது. வெளிச்சுவரில் கொத்திய உருவங்கள் வெயிலும் மழையும் பட்டு முகம் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டன, அதே வேலை உள்ளே போனால் தங்கப் பூச்சோடு பளபளக்கிறது. மரத்தூணில் கை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும். எனக்கு இந்த நாட்டுத் தேக்கையும் செட்டிநாட்டு வீட்டுத் தூணையும் பிரித்துப் பார்க்கவே தோன்றாது, காரைக்குடிப் பெரிய வீடுகளில் நிற்பதும் இங்கிருந்து கப்பலேறிய தேக்குதானே.

அதனால் தாமரை, திபோ மன்னர் குடியிருந்த மாளிகை என்று சொல்லி இன்றைக்கு உள்ளே போய் நிற்கக்கூடிய அசல் கட்டடம் மாண்டலேயில் இல்லை, ரத்னகிரியில்தான் இருக்கிறது. அப்பா ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மோல்மேன் பாலு

நான் போயிருக்கிறேன், மும்பையில் அக்கா வீட்டுக்குப் போனபோது. கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள், ஆனால் மாண்டலேயை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தங்கமும் இல்லை, அடுக்குக் கோபுரமும் இல்லை. மேட்டில் பெரிய தோட்டத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு மூன்று தள மாளிகை, சரிவான கூரை, சுற்றிலும் தாழ்வாரம். கட்டியது பிரிட்டிஷ் அரசாங்கம், வடிவத்தில் மன்னரும் ஆர்வமாகத் தலையிட்டார் என்று சொல்வார்கள். கதிரேசன் அண்ணன் மாடி கிடையாது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்த மனுஷனுக்குக் கடைசியில் கிடைத்தது மாடி வைத்த வீடு.

கல்லைக் கவனியுங்கள். கொங்கணக் கடற்கரை முழுவதும் கிடைக்கிற செம்புரைக்கல் அது. பூமியிலிருந்து எடுக்கும்போது கோடாலியால் வெட்டுகிற அளவுக்கு மெதுவாக இருக்கும், காற்றுப் பட்டுக் காய்ந்த பிறகு இறுகிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருக்கும், விரலால் தடவினால் செந்தூள் ஒட்டும். அந்த ஊரில் ஒரு மழைக்காலத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அதற்குத்தான் அவ்வளவு சரிவான கூரையும் அகலத் தாழ்வாரமும். நம்ம மோல்மேன் மழையைப் பார்த்தவனுக்கு அந்தக் கூரையின் அருமை உடனே தெரியும்.

பர்மா வாசனை எங்கே இருக்கிறது என்றால் மரத்தில்தான். தேக்கு இங்கிருந்து போனது என்கிறார்கள். மேல்தளத்தில் அரைவட்ட மரச்சன்னல்கள் இருக்கின்றன, நுணுக்கமான செதுக்கு வேலை, நடுவில் வண்ணக் கண்ணாடி, இத்தாலியிலிருந்து வந்ததாம். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து அடிக்கும்போது சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தரையில் விழும். நான் போனது நாலு மணி வாக்கில், அந்த நேரமே சரி. முதல் மாடியில் பளிங்குத் தரை போட்ட கூடம் ஒன்று உண்டு, ஆட்டம் பாட்டத்துக்கு என்று சொல்கிறார்கள். பின்பக்கம் புத்தர் சிலை இருக்கிறது, மன்னர் வைத்துக் கும்பிட்டது. அப்பா அங்கே கொஞ்ச நேரம் உட்காரட்டும். ஒரு பகுதியில் அரசு மியூசியம் நடக்கிறது, அதில் கொங்கணத்துச் சிலைகள்தான் அதிகம், மன்னர் சம்பந்தமான பொருள் ஏராளமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஆட்டோக்காரரிடம் "திபா பேலஸ்" என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே திபா பாயின்ட் என்று ஒரு மேடு உண்டு, அங்கிருந்து ஆறு கடலில் கலக்கிற இடம் முழுவதும் தெரியும். மன்னர் துரபீன் (தொலைநோக்கி) வைத்துக் கப்பல் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஊரில் சொல்கிற கதை அந்த இடத்தில் நின்றால் நம்பத் தோன்றுகிறது. மாடிக்குப் படிதான், அப்பாவை நிதானமாக ஏறச் சொல்லுங்கள். மன்னர் சமாதி அரண்மனையில் இல்லை, சிவாஜி நகர் பக்கம் தனியாக இருக்கிறது, அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பியாப்வே வாத்தியார்

பாலு தம்பி எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது அரண்மனை என்ற பெயரில் இருந்த காவல் வீடு. தாமரை கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதிலே இதில்தான் இருக்கிறது.

1885 நவம்பர் கடைசியில் மன்னரைப் பிடித்தார்கள். ஐராவதி வழியாக ரங்கூன், அங்கிருந்து கப்பலில் சென்னை. சில மாதம் சென்னையில்தான் குடும்பம் இருந்தது, மூன்றாவது இளவரசி பிறந்ததே அங்கேதான். 1886 ஏப்ரலில் ரத்னகிரிக்கு மாற்றினார்கள். ஏன் ரத்னகிரி? அப்போது ரயில் இல்லை, மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலும் வராது. ஆளை வைத்துவிட்டு மறந்துபோகத் தோதான இடம். பங்களாக்களில் குடிவைத்தார்கள், கூடவே காவலுக்கு ஒரு போலீஸ் அதிகாரி. அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை போதாமல், கொண்டுவந்த மாணிக்கங்களை உள்ளூர் வியாபாரிகளிடம் அடிமாட்டு விலைக்கு விற்றார். இன்றைக்குத் திருப்பி அனுப்பலாமா, நாளைக்கு வேறு இடம் மாற்றலாமா என்று வைத்துக்கொண்டே இருந்த ஆளுக்கு யார் நிரந்தரமாக வீடு கட்டுவார்கள்? மனு மேல் மனு போட்டுத்தான் 1910இல் அந்த வீடு கிடைத்தது.

அதில் அவர் இருந்தது ஆறு வருஷம். 1912இல் இளைய ராணி காலமானார், 1916 டிசம்பரில் மன்னர் காலமானார், 57 வயது. ராணி சுபயாலத்தும் மற்றவர்களும் 1919இல் ரங்கூன் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய மாளிகையில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது பத்து வருஷம்கூட இல்லை. மூத்த இளவரசி ரத்னகிரிக்கே திரும்பிப் போய் அங்கேயே 1947இல் காலமானார், இரண்டாவது இளவரசி காலிம்போங்கில், கடைசி இளவரசி 1936இல் பாலு ஊரான மோல்மேனில். பிள்ளைகள் திசைக்கொன்றாகச் சிதறிப் போனார்கள். சன்னல் கண்ணாடியை ரசிப்பதில் தப்பில்லை, ஆனால் அந்தச் சன்னலுக்கு உள்ளே இருந்தவருக்கு வெளியே போக உரிமை இல்லை என்பதை அப்பாவோடு வரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மாண்டலே கதிரேசன்

வாத்தியார் ஐயா சொல்வது சரி. ஆனால் சிறை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 2012இல், அப்போது நம்ம ஜனாதிபதியாக இருந்த தெய்ன் செய்ன் ரத்னகிரிக்குப் போய்ச் சமாதியில் மரியாதை செலுத்தினார். இந்த நாட்டு மக்கள் அதை மன்னர் இருந்த இடமாகத்தான் பார்க்கிறார்கள். கட்டியவன் எதற்காகக் கட்டினான் என்பது ஒரு பக்கம், அதற்குள்ளே அந்த மனுஷன் புத்தரை வைத்துக் கும்பிட்டு, பர்மிய வழக்கம் விடாமல் நாலு பெண் பிள்ளைகளோடு வாழ்ந்தார் என்பது இன்னொரு பக்கம். நாமும் ஐந்து தலைமுறையாக வேறு மண்ணில் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள், எனக்கு அந்த இரண்டாவது பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று, இந்தக் கணக்கின் மறுபாதி யாங்கோனிலேயே இருக்கிறது. டெல்லி செங்கோட்டையில் இருந்த கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜாபரை 1858இல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள், 1862இல் இங்கேயே காலமானார். அவருக்குக் கல் மாளிகை எதுவும் கட்டித் தரவில்லை, புதைத்த இடம்கூட 1991இல் பள்ளம் தோண்டும்போதுதான் சரியாகத் தெரிந்தது. இப்போது தர்கா இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் அப்பாவை அங்கே ஒரு நடை கூட்டிப்போங்கள். ஷ்வேடகோன் பகோடாவின் தெற்கு வாசல் பக்கம் சுபயாலத் ராணி சமாதியும் இருக்கிறது. அப்படியே நேஷனல் மியூசியத்தில் மாண்டலே அரண்மனைச் சிங்காசனத்தையும் பார்த்துவிடலாம். கல்கத்தா மியூசியத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்ததால் தீயில் மாட்டாமல் தப்பி, 1948இல் திரும்பி வந்தது அது.

யாங்கோன் தாமரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், வாத்தியார் ஐயா எழுதிய பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். போவது முடிவாகிவிட்டது. பாலு அண்ணே, காரைக்குடியிலிருந்து எப்படிப் போவது நல்லது? ஒரு நாள் போதுமா?

மோல்மேன் பாலு

திருநெல்வேலி போய், அங்கிருந்து கேரளா வழியாகக் கொங்கண் பாதையில் மேலே போகிற ரயில் பிடியுங்கள், ரத்னகிரியில் நிற்குமா என்று பார்த்துக் கீழ் பெர்த்தாகப் போடுங்கள். சென்னை போய்ச் சுற்ற வேண்டாம். பொங்கல் நேரம் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஸ்டேஷன் ஊருக்குக் கொஞ்சம் வெளியே, ஆட்டோ கிடைக்கும். அரண்மனையும் சமாதியும் பார்க்க ஒரு நாள் போதும், ஆனால் அவ்வளவு தூரம் ரயிலில் வந்த முழங்காலுக்கு இரண்டு ராத்திரி தங்குவது நல்லது. இந்தியாவில் அரசு மியூசியங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், அந்த நாளைத் தவிர்த்துப் போடுங்கள். ஜனவரியில் மாம்பழம் கிடைக்காது, அந்த ஊர் அல்போன்சா ஏப்ரல், மே மாதம்தான்.