புதுப்பிப்பு: ஆறாத புண்ணுக்கு ஆய்வகத் தோல்

சர்க்கரை நோயால் காலில் வந்து ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கு, ஆய்வகத்தில் வளர்த்த தோலை வைக்கிறார்கள் என்று அப்ளிகிராஃப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது: வைத்த தோல் அப்படியே ஒட்டி நம் தோலாகிவிடுமா?

ஆகாது. அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத் செய்யும்போது நீக்கும் முன்தோலிலிருந்து வந்த செல்களை (ஆமாம், அதேதான்) மாட்டுக் கொலாஜன் என்ற புரதத்தோடு சேர்த்து இரண்டு அடுக்காக வளர்க்கிறார்கள், அந்த செல்கள் சில வாரங்களில் மறைந்துவிடும், ஆனால் அதற்குள் அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) அழற்சியிலேயே மாட்டிக்கொண்ட புண்ணை உசுப்பிவிட, மூடும் வேலையை நம் செல்களே செய்கின்றன.

பலன்? 2001இல் வெளியான சோதனையில் 12 வாரத்தில் முழுதாக ஆறியது 56 சதவீதம் பேருக்கு, ஈரத்துணிக் கட்டு மட்டும் போட்டவர்களில் 38. நல்ல வித்தியாசம்தான், மந்திரம் இல்லை. இரண்டு தரப்புக்குமே செத்த சதையை வெட்டி எடுத்து, பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டார்கள், அந்த 38 அதனால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்; நம் ஊரில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அப்புறம், இந்தப் புண்ணில் தடவும் வளர்ச்சிக் காரணி ஜெல் பற்றிக் கேட்டவருக்கு: பெகாப்ளெர்மின் என்ற ஜெல் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2008இல் அதன் மருந்துக் குறிப்பில் புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டம் போட்டுச் சேர்த்தார்கள், 2018இல் அந்தக் கட்டம் போட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். இங்கே பாரத் பயோடெக்கின் ரீஜென்-டி ஜெல் இருக்கிறது, அதில் இருப்பது வேறு வளர்ச்சிக் காரணி. எதுவானாலும் முதலில் காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள்.