காலண்டரில் அச்சான லேண்ட்லைன் எண்ணும் இன்டர்நெட் போனும்: இரண்டையும் சேர்க்க முடியுமா?

அச்சகத்துக்காரன்:
சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து லேண்ட்லைன் இரண்டு, இன்னும் காப்பர் கம்பிதான். 04562 என்று தொடங்கும் அந்த எண்கள் நாங்கள் அடித்த காலண்டர்களின் அடியில் பொடி எழுத்தில் ஊர் ஊராகத் தொங்குகின்றன. ஆகவே விட முடியாது. பையன் போன மாதம் ஃபைபரோடு ஒரு சிப் (SIP) எண்ணும், அதாவது இன்டர்நெட் வழியே பேசும் எண், வாங்கிவிட்டான், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசலாமாம். பழைய போன் அடித்தால் டிசைன் அறைக்குக் கேட்பதில்லை, புதுப் போன் அடித்தால் எனக்கு எடுக்கத் தெரிவதில்லை.

எந்த எண்ணில் வந்தாலும் கல்லா, டிசைன் அறை, மெஷின் ஹால் மூன்றிலும் அடிக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஒரு போனாவது வேலை செய்ய வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் பிறகு இதற்கெல்லாம் நேரமிருக்காது. கடைக்காரர் கொடுத்த பெட்டியில் லேண்ட்லைனைச் செருகினேன், மூச்சே இல்லை.

கம்பிவேலைக்காரன்:
அண்ணாச்சி, முதலில் அந்த லைனைப் பிடுங்குங்கள். அது எஃப்எக்ஸ்எஸ் பெட்டியாக இருக்கும், அதாவது போனுக்கு லைன் கொடுக்கிற பெட்டி. உங்களுக்கு வேண்டியது எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனை வாங்கிக்கொள்ளும் எஃப்எக்ஸ்ஓ போர்ட், இரண்டு லைனுக்கு இரண்டு. எக்ஸ்சேஞ்ச் லைனில் 48 வோல்ட் எப்போதும் நிற்கும், மணி அடிக்கும்போது இன்னும் ஏறும். எஃப்எக்ஸ்எஸ்ஸில் செருகினால் போர்ட் புகைந்துவிடலாம்.

எஃப்எக்ஸ்ஓ போர்ட் உள்ள பெட்டிக்கு கேட்வே என்று பெயர். அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடும் ஆஸ்டெரிஸ்க் அல்லது ஃப்ரீபிபிஎக்ஸோடு இணையுங்கள், இரண்டும் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கிற மென்பொருள்கள். சிப் எண்ணும் அங்கேயே வந்துவிடும். மூன்று இடத்திலும் சேர்ந்து அடிக்க ஒரு ரிங் குரூப். மென்பொருளுக்குக் காசில்லை.

சிக்கல் வருவது போனை வைக்கும்போதுதான். எதிர்முனையில் வைத்துவிட்டது பெட்டிக்குத் தெரியாது. ஒரு மருந்துக் கடையில் நானே இதைக் கவனிக்காமல் விட்டு, ராத்திரி முழுக்க லைன் பிடித்தபடி கிடந்தது. காலையில் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு. நம் ஊர் எங்கேஜ்டு டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி அமைதி. பெட்டியில் இந்த எண்களைப் போடுங்கள், அந்த டோனைக் கேட்டுத்தான் அது லைனை விடும். அமெரிக்க செட்டிங்கோடு வருவதை அப்படியே விட்டால் வம்புதான். காலர் ஐடியும் அப்படியே. இங்கே பல எக்ஸ்சேஞ்சுகளில் அது மணிக்கு முன்னால் டிடிஎம்எஃப் முறையில், அதாவது பட்டன் அழுத்தும்போது வருகிற ஒலிகளாக, வரும், பெட்டியோ முதல் மணிக்கு அப்புறம் தேடிக்கொண்டிருக்கும்.

தையல்கடை அக்கா:
இவ்வளவு வேண்டுமா தம்பி? லேண்ட்லைனில் கால் ஃபார்வேர்டிங் போட்டு சிப் எண்ணுக்குத் திருப்பிவிட்டால் போதாதா? நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கம்பிவேலைக்காரன்:
ஒரு லைன் என்றால் அதுவே போதும் அக்கா. ஆனால் திருப்பிய ஒவ்வொரு அழைப்புக்கும் லேண்ட்லைன் கணக்கில் காசு ஏறலாம், பிளானைப் பாருங்கள். ஃபைபர் அறுந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே போகும். அண்ணாச்சிக்குக் கரண்ட் போனாலும் பேச வேண்டும் அல்லவா? எக்ஸ்சேஞ்சே காப்பர் லைனுக்கு மின்சாரம் தருகிறது. ஒரு லைனில் கேட்வேக்கு முன்னாலேயே சாதாரண போன் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். கார்ட்லெஸ் வேண்டாம், அதற்குக் கரண்ட் வேண்டும்.

இன்னொன்று. ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ்கூட ஆகாது. ஆனால் டிசைனர் பெரிய ஃபைலை ஏற்றும்போது குரல் வெட்டி வெட்டி வரும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள், சிப் அழைப்புகளில் தலையிடும் ‘சிப் ஏஎல்ஜி’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு பக்கம் பேச்சு கேட்காமல் போகலாம்.

அச்சகத்துக்காரன்:
இரண்டு எஃப்எக்ஸ்ஓ பெட்டி வாங்கி, பையன் இரண்டு ராத்திரி உட்கார்ந்தான். மூன்று இடத்திலும் அடிக்கிறது. மெஷின் ஓடும்போது ஹாலில் கேட்கவில்லை என்று சுவரில் ஒரு சைக்கிள் கடை ஹாரன் அளவுக்குச் சத்தம் போடும் மணியை மாட்டிவிட்டோம். அப்பாவின் சுழற்றும் போன் கல்லாவில் முதல் லைனில் இருக்கிறது. நேற்று கரண்ட் போனபோது அதில்தான் பேசினேன். ஆனால் இரண்டாவது லைனில் மட்டும் கூப்பிடுபவர் எண் விழவில்லை. என்ன செட்டிங் மாற்ற?

கம்பிவேலைக்காரன்:
செட்டிங்கைத் தொடாதீர்கள். காலர் ஐடி காட்டுகிற போன் ஒன்றை அந்த லைனில் நேராகச் செருகிப் பாருங்கள். அதிலும் விழவில்லை என்றால் பெட்டி மேல் தப்பில்லை, அந்த லைனுக்கு வசதியைத் திறந்துவிடவில்லை. எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுங்கள்.