ஸியா பாஷா: பதவிக்காகப் பாட்டை மாற்றினாரா?

மைக்கூடு:
உதுமானிய அரண்மனையில் எழுத்தராக இருந்து ஆளுநர் வரை உயர்ந்தவர் ஸியா பாஷா. நல்ல கவிஞர். ரூசோவின் ‘எமில்’, மோலியேரின் ‘தார்த்தூஃப்’ இரண்டையும் துருக்கிக்குக் கொண்டுவந்தவர். ஆனாலும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. 1868இல் லண்டனில் தஞ்சமிருந்தபோது ‘ஹுரியத்’ பத்திரிகையில் என்ன எழுதினார்? திவான் கவிதை, அதாவது அரசவை மரபுக் கவிதை, பாரசீகத்தின் நகல், நாடோடிப் பாடகர்கள் பாடுவதே நம் கவிதை என்று. ஊர் திரும்பியதும் ‘ஹராபாத்’ என்று மூன்று பாகத் தொகுப்பு. முழுக்க அரபு, பாரசீக, துருக்கிய திவான் மரபு. பாடகர்கள் போன இடம் தெரியவில்லை. பதவி வந்தது, பாட்டு மாறியது.

நடுச்சாமம்:
பதவிதான் குறி என்றால் பிரதம மந்திரி ஆலி பாஷாவை எதற்குப் பகைத்துக்கொண்டார்? உதுமானியருக்கு எதிராகக் கிரீட் தீவில் எழுந்த கலகத்தை ஆலி கையாண்ட விதத்தைப் புகழ்வதுபோல் கிழித்துத் தொங்கவிட்டதுதானே ‘ஸஃபர்நாமே’.

மைக்கூடு:
அதையும் ஆலியின் ஆட்கள் பெயரில் அல்லவா எழுதினார்! இதுதான் வீரமா?

நடுச்சாமம்:
வீரம் இல்லை, குறும்பு. அவர்களே பாடியதுபோல் காட்டினால்தானே நையாண்டி உறைக்கும்.

சுவடிப்பிரியன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1870இல் ஜெனீவாவில், இன்னும் ஊர் திரும்பாத நேரத்தில், அவர் எழுதிய ‘தெர்கிப்-இ பெந்த்’ அச்சுஅசல் திவான் வடிவம். ஆக, கட்டுரைக்கும் கவிதைக்கும் இடையிலான முரண் பதவிக்கு முன்பே இருக்கிறது. பிரெஞ்சு அவர் வளர்ந்தபின் அரண்மனையில் கற்றது. திவான் ஓசை அதற்கு வெகுமுன்பே காதில் ஊறியது. புது எண்ணத்தை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். காது அவ்வளவு சீக்கிரம் மாறாது, கவிதை எழுதுகிறவர்களைக் கேளுங்கள்.

மைக்கூடு:
கவிஞர் நாமிக் கெமாலுக்கு அப்படிச் சலுகை காட்டத் தோன்றவில்லையே? 1867இல் கூடவே பாரிஸுக்கு ஓடிய நண்பர். சைப்ரஸில் மாகுஸா சிறையில் இருந்தபடி ‘தஹ்ரிப்-இ ஹராபாத்’ எழுதித் தொகுப்பைத் தவிடுபொடியாக்கினார். (அதே தீவை ஒருகாலத்தில் நிர்வகித்தவர் ஸியா. விதியின் வேடிக்கை.) இன்னொன்று: நீங்கள் சொன்ன அந்தக் கவிதையிலேயே, மனிதனுக்குக் கண்ணாடி அவன் செய்கை, பேச்சைப் பார்க்காதே என்கிறார். அவர் அளவுகோலாலேயே அளக்கிறேன்.

நடுச்சாமம்:
சரி, செய்கையையே பாருங்கள். 1876 அரசியல் சாசனக் குழுவில் இருந்தார். அடுத்த ஆண்டே சுல்தான் அப்துல் ஹமீது அவருக்கு வஸீர் (அமைச்சர்) பட்டம் கொடுத்து ஆளுநராகச் சிரியாவுக்கு அனுப்பிவிட்டார். பிறகு கோன்யா, பிறகு அதானா. 1880இல் அங்கேயே இறந்தார், இஸ்தான்புல் திரும்பவே இல்லை. பட்டுத்துணி சுற்றிய நாடுகடத்தல் அது.

மைக்கூடு:
மூன்று மாகாண ஆளுநர் பதவி தண்டனையா? அப்படியொரு தண்டனை எனக்கும் வாங்கித் தாருங்கள் ஐயா. ஆனால் சுவடிப்பிரியன் சொன்ன 1870 கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. ‘பதவி வந்தது’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ‘பாட்டு மாறியது’ என்பதை மாட்டேன்.